ஒயில் மாற்றத் தனியே போகாதே

மகன், நேற்று நீ போன் எடுத்துச் சொன்னபோது நான் ஓம் ஓம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை வந்து காரை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய் ஒயில் மாற்றப் போவதாகச் சொன்னாய். கலியாணத்துக்கு முன்னம் கார் சரியாக இருக்க வேண்டும், பெண் வீட்டுக்கு மண்டூருக்குப் போனபிறகு அங்கே கராஜ் தேடிக்கொண்டு திரிய ஏலாது என்றாய். பெண்ணின் அண்ணன் இடம் சொல்லியிருக்கிறான், வாவிக்கரை வீதியில் வளைவு தாண்டினவுடன் கண்ணாடி போட்ட பெரிய சேர்விஸ் ஸ்டேஷன், ஏசி போட்ட அறையில் இருந்து கோப்பி குடிக்கலாம் என்று சந்தோஷமாகச் சொன்னாய். அடுப்பில் என்னவோ எரிகிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அந்த இடம் எனக்குத் தெரியும். அப்பா கடைசியாக நின்ற இடம் அதுதான். பெயர்ப் பலகை மாறிவிட்டது, சொந்தக்காரரும் மாறிவிட்டார், முன்னால் இருந்த தகரக் கொட்டிலை இடித்துக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். ஆனால் இடம் அதுதான். உனக்கு இதை நான் சொல்லவில்லை. அப்பா டவுனுக்குப் போனார், வரவில்லை என்று மட்டும் சொல்லி வளர்த்தேன். ரோட்டில் எங்கேயோ மறித்துப் பிடித்திருப்பார்கள் என்று நீயாக நினைத்துக்கொண்டாய், நானும் அப்படியே விட்டேன். இடம் தெரிந்தால் மீசை அரும்புகிற வயதில் நீ அங்கே போய் நின்று ஆட்களைக் கேட்பாய் என்று பயந்தேன். கேட்கப் போனவர்களும் திரும்பி வராத காலம் அது. இப்போது நீயாகவே அங்கே போகப் போகிறாய், அதுவும் தனியே. அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்புத்தான், பிழைகள் இருக்கும். போனில் சொல்ல வெளிக்கிட்டால் பாதியில் வைத்துவிடுவேன். எழுதினால் கண்ணைத் துடைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து எழுதலாம். பக்கத்து வீட்டு மலர் நாளைக்கு டவுன் ஆஸ்பத்திரிக்கு வருகிறாள், அவளிடம் கொடுத்துவிடுகிறேன். நீ வேலை செய்கிற கடையில் வைத்துப் படிக்காதே. வேலை முடிந்து அறைக்குப் போய்ப் படி.

நம்ம பகுதியில் கலியாணம் முடித்தால் வீட்டைவிட்டுப் போகிறவன் ஆண்பிள்ளைதான். உன் அப்பாவும் ஒரு சூட்கேசோடு இந்த வளவுக்கு வந்தவர்தான். உன் தங்கச்சி இருந்திருந்தால் இந்த வீட்டை அவளுக்கு எழுதியிருப்போம். அவளைக் கட்டினவன் இங்கே வந்திருப்பான், நீ போகிற நேரத்தில் வீட்டுக்குள் இன்னொரு ஆளின் சத்தம் இருந்திருக்கும். அது இல்லை. நீ போகிறாய், போகத்தான் வேண்டும், அதற்கு நான் அழவில்லை. கலியாணக் கார்ட் அடிக்கும்போது அப்பாவின் பெயருக்கு முன்னால் அமரர் என்று போடுவதா என்று கேட்டாய். வேண்டாம் என்றேன். உன் பெரியப்பா வந்து வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"போடாம விட்டா சபையில ஆள் எங்க எண்டு கேப்பாங்களேகா. என்ன சொல்லுவாய்?"

"நானும் அதத்தானே மச்சான் கேக்கன். ஆள் எங்க?"

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அப்படிச் சொன்னது அவர் வருவார் என்ற நம்பிக்கையில் அல்ல. அந்த நம்பிக்கை எனக்கு இல்லை மகன். அவர் வரமாட்டார் என்று எனக்கு எப்போதோ தெரியும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியது நான் அல்ல. கொண்டுபோனவர்கள் சொல்ல வேண்டும்.

அப்பா காரை ஹயருக்கு ஓடினது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு, கோயிலுக்கு, பெண் பார்க்க, பிள்ளைப்பேறுக்கு என்று பெரியகல்லாற்றில் பாதிச் சனம் அந்தக் காரில் ஏறியிருக்கும். ஊர் எப்படி என்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒரு ரோட்டு. காருக்கு ஒயில் மாற்ற வேண்டும் என்றால் ஒன்றில் வடக்கே போகலாம், இல்லாவிட்டால் தெற்கே போகலாம். வடக்கே டவுனில் பெரிய சேர்விஸ் ஸ்டேஷன்கள் இருந்தன. ஆனால் போகிற வழியில் எத்தனை இடத்தில் மறிப்பார்கள், எத்தனை தரம் இறங்கி நடக்கச் சொல்வார்கள் என்று யாருக்கும் தெரியாது. தெற்கே கிட்டத்தில் முஸ்லிம் ஊரான மருதமுனையில், அண்ணன் முறை வைத்து நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிற மீராசாவின் கராஜ் இருந்தது. அது ஒரு குழியும் நாலு தகரமும் ஒரு பலா மரமும்தான். தமிழன் அங்கே போகக்கூடாது, சோனகன் இங்கே வரக்கூடாது என்று இரண்டு பக்கத்து ஆட்களும் சொல்லித் திரிந்த நாட்கள் இருந்தன. அப்பா அதைக் காதில் போடவில்லை. காக்காவும் அப்பாவும் கதைக்கிற கதையைக் கேட்டால் ஒயில் மாற்றுவது ஒரு சாட்டு என்றுதான் தெரியும்.

"டேய், நீ ஒயில் மாத்த வாறாயா, என்ட வீட்டுத் தேத்தண்ணி குடிக்க வாறாயா?"

"ஒயில் மாத்தத்தான் காக்கா வாறன். உங்கட தேத்தண்ணியும் நீங்க இறக்கிற ஒயிலும் ஒரே நிறம். மாறிக் குடிச்சிட்டுப் போறன்."

"தங்கச்சி, இவர நீங்க எப்பிடித்தான் வச்சிக் காலம் தள்ளுறீங்களோ தெரியா" என்பார் காக்கா என்னிடம்.

கடல் வந்த அன்றைக்கு நீ சின்னப் பிள்ளை. காரின் மேல் இருந்தது உனக்கு நினைவிருக்கும். அப்பாதான் உன்னைத் தூக்கி அதன் கூரையில் போட்டார். தங்கச்சி கரைப் பக்கம் சித்தி வீட்டுக்கு விளையாடப் போயிருந்தாள். அதைப்பற்றி அதற்கு மேல் எழுத என்னால் ஏலாது. தண்ணீர் வடிந்தபோது கார் வேலியைத் தாண்டிப்போய் வடலிப் பனைகளுக்குள் செருகிக்கொண்டு நின்றது. ஊரில் வாகனம் வைத்திருந்த எல்லாரும் அதை ஸ்டார்ட் பண்ணத்தான் ஓடினார்கள். காயப்பட்டவர்களை ஏற்ற வேண்டும், பிள்ளைகளைத் தேட வேண்டும். திறப்பைப் போட்டுத் திருப்பின வாகனம் எல்லாம் கடகடவென்று ஒரு சத்தத்தோடு செத்துப்போனது. நாங்கள் அன்று முழுக்க நடந்து தேடினோம். அப்பாவின் காலைத் தகரம் வெட்டி வீங்கியிருந்தது. அடுத்த நாள் அவரால் நடக்க முடியவில்லை. கல்முனை ஆஸ்பத்திரியில் பிள்ளைகளைக் கிடத்தியிருக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, அவரும் போய்க் காருக்குள் ஏறித் திறப்பைப் போட்டார்.

அப்போதுதான் மீராசா காக்கா வந்தார். அவர் எங்களைப் பார்க்க வந்தவர் அல்ல. அவருடைய மகளைக் கட்டினவர் சைக்கிளில் கைத்தறிச் சாரம் விற்கிற மனிதர், முதல் நாள் காலையில் கல்லாற்றுப் பக்கம் வந்தவர், அவரைத் தேடி வந்தார். அப்பாவைக் கண்டதும் ஓடிவந்து ஜன்னலுக்குள்ளால் கையை விட்டு அப்பாவின் கையைப் பிடித்தார்.

"திருப்பாத. சொல்லுறன், திருப்பாத."

"என்ட புள்ளயத் தேடோணும் காக்கா. கைய எடுங்க."

"தேடுவம். உள்ளுக்குள்ள உப்புத் தண்ணி கிடக்கு. இப்பத் திருப்பினா எஞ்சின் முடிஞ்சிது. மறுகா நொண்டி நொண்டித்தான் தேடுவாய்."

அப்பா அவருடைய சேர்ட்டைப் பிடித்து இழுத்தார், பொத்தான் தெறித்தது. காக்கா கையை எடுக்கவில்லை. அப்பா அழத் தொடங்கினபிறகுதான் எடுத்தார். அவருடைய கராஜ் வாவிப் பக்கம் இருந்ததால் கடல் அங்கே வரவில்லை. திரும்பிப் போய்ச் சைக்கிளில் ஒயில் டின்களும் நட்டுக் கழற்றுகிற சாவிகளும் பெற்றரியும் கட்டிக்கொண்டு வந்தார். காருக்குக் கீழே சேற்றில் படுத்து நட்டைக் கழற்றினார். முதலில் வெறும் தண்ணீர் வந்தது, பிறகு பால் தேத்தண்ணி மாதிரி ஒன்று வந்தது. ஒயில் விட்டார், சனத்தைக் கொண்டு தள்ளச் சொன்னார், கொஞ்ச நேரம் ஓடவிட்டார், மறுபடியும் இறக்கினார். திரும்பவும் விட்டார், திரும்பவும் இறக்கினார். கடைசியில் ஒயில் ஒயிலின் நிறத்தில் வந்தது. தன் மருமகனைத் தேடி வந்த மனிதன் அன்று பின்னேரம் வரை எங்கள் காருக்குக் கீழே கிடந்தார். அந்த மருமகன் இன்றுவரை கிடைக்கவில்லை. தங்கச்சியை நாங்கள் அந்தக் காரில்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அதனால்தான் உன் மாமா எத்தனை தரம் சொன்னாலும் நான் அந்தக் காரை விற்கவில்லை.

இதை நீ கவனித்து வைத்துக்கொள். கடல் ஒருதரம் உள்ளே போய் வந்த எஞ்சின் அது. மற்றக் கார்களுக்கு மாதிரி அதற்குத் தவணை பார்க்கக்கூடாது, கெதியாக மாற்ற வேண்டும் என்று காக்கா சொல்வார். ஒயில் இறக்கும்போது அறைக்குள் இருந்து கோப்பி குடிக்காதே, கிட்ட நின்று உன் கண்ணால் பார். பால் கலந்த மாதிரி வெளிறிக் கிடந்தால் எங்கேயோ தண்ணீர் போகிறது. கறுப்பாக வந்தால் பயப்படாதே, அது வேலை செய்த ஒயில்.

அதற்குப் பிறகுதான் காலம் இன்னும் கெட்டது. ஆம்பிளைகளை ரோட்டில் மறித்து இறக்குவதும், இறக்கினவர்கள் வராமல் போவதும் வழக்கமாயிற்று. யார் கொண்டுபோகிறார்கள் என்று கேட்க முடியாது, ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்கள் கொண்டுபோனார்கள். அப்போது ஊர்ச் சனம் தாங்களாகவே ஒன்று கண்டுபிடித்தார்கள். வாகனத்தில் ஒரு பெண் இருந்தால், மடியில் ஒரு பிள்ளையும் இருந்தால், ஆளை விட்டுவிடுகிறார்கள் என்று. உண்மையோ பொய்யோ, எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். நெல் ஏற்றப் போகிற உழவு இயந்திரத்தில் பெட்டிமேல் ஒரு பெண் இருப்பாள். முடி வெட்டப் போகிறவன் தாயைக் கூட்டிக்கொண்டு போவான், அவள் சலூன் வாசலில் இருப்பாள். நானும் அப்படித்தான் அப்பாவோடு போனேன். ஒயில் மாற்றப் போகிற நாளில் காலையிலேயே புட்டு அவித்துக் கட்டிக்கொண்டு, உன்னை மடியில் வைத்துக்கொண்டு முன் சீற்றில் இருப்பேன். சோதனைச் சாவடி வர முதல் உன் தலையைக் கோதிவிட்டு நேராக இரு மனே என்று சொல்வேன். அப்பாவுக்குப் பகிடி.

"லைசன்ஸ் இல்லாமலும் காரோட்டலாம் போலகா. உன்ன இல்லாம ஏலாது."

மீராசா காக்காவும் விடமாட்டார். "ஒயில் மாத்த வாறவங்க புட்டுக் கட்டிக்கிட்டு வாறத நான் இஞ்சதான் பாக்கன். நாளைக்கி டயர் மாத்தக்குள்ள பாயும் தலாணியும் கொண்டு வருவீங்க போல" என்பார். சிரிப்போம். நீயும் சிரிப்பாய். அவருடைய மனைவி உனக்குத் தொதல் இனிப்பு வெட்டித் தருவா. பயத்தில் போய் வந்த அந்தப் பயணங்கள்தான் நாங்கள் மூன்றுபேரும் ஒன்றாகப் போன பயணங்கள். வேறு பயணம் எங்களுக்கு இருக்கவில்லை.

பிறகு சண்டை முடிந்தது என்றார்கள். சந்தியில் வெடி கொளுத்தினார்கள், வருகிற போகிற ஆட்களை மறித்துப் பாற்சோறு கொடுத்தார்கள், வாங்காமல் போக ஏலாது. வடக்கே எத்தனை சனம் செத்தது என்று எங்களுக்கு அப்போது சரியாகத் தெரியாது. ரேடியோவில் ஒன்று சொன்னார்கள், ஆட்கள் வாய்க்குள் வேறொன்று சொன்னார்கள். யாருக்காகவும் சத்தமாக அழ ஏலாத நாட்கள் அவை. ஆனால் மகன், உண்மையை எழுதுகிறேன், எங்கள் மனதில் ஒரு மூலையில் ஒரு ஆறுதலும் வந்தது. யார் வென்றாலும் தோற்றாலும் இனி ஆளைப் பிடிக்கிறது நிற்கும் என்று நினைத்தோம். நாங்கள் மட்டும் அல்ல, ஊரே நினைத்தது. ரோட்டில் ஆம்பிளைகள் தனியே சைக்கிள் ஓடிக்கொண்டு போனார்கள். அதைப் பார்க்கவே புதிதாக இருந்தது. ஒருநாள் காலையில் அப்பா காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"அடியெல்லாம் உப்புப் பிடிச்சி உக்குதுகா. டவுனுக்குக் கொண்டுபோய் றாம்ப்பில ஏத்தி நல்லா அடிச்சிக் கழுவி, ஒயிலையும் மாத்திக்கிட்டு வாறன்."

"காக்காட்டப் போகலையா?"

"காக்காட குழியில ஒயில்தான் இறக்கலாம், கழுவேலாது. டவுன் ரோட்டு இப்பத் திறந்துதானே கிடக்கு."

"அப்ப நில்லுங்க, சாறி மாத்திக்கிட்டு வாறன்."

"என்னத்துக்கு? சண்டதான் முடிஞ்சிற்றே. இனி ஆர் ஆரப் பிடிக்கிற? நீ இருந்து கறியக் காச்சு, பகலைக்கு வந்திருவன்."

நான் சாறியைத் திரும்ப மடித்து வைத்தேன். அவர் கையை ஜன்னலுக்கு வெளியே போட்டுக்கொண்டு, பக்கத்துச் சீற்றில் யாரும் இல்லாமல், கலியாணம் முடிக்காத பெடியன் மாதிரி ஓடிக்கொண்டு போனார். நான் வாசல் படலையில் நின்று பார்த்தேன். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய்.

பகலைக்கு வரவில்லை, பொழுதுபட்டும் வரவில்லை. விடிந்ததும் மீராசா காக்காவிடம் ஓடினேன், இருவரும் பஸ்ஸில் போய் டவுனில் ஒவ்வொரு சேர்விஸ் ஸ்டேஷனாகப் பார்த்தோம். கார் வாவிக்கரை வீதியில் அந்த இடத்தில்தான் நின்றது. அடியெல்லாம் கழுவிப் புதிது மாதிரி இருந்தது. ஒயில் இறக்குகிற குழிக்கு மேல் நின்றது, நட்டுக் கழற்றியிருந்தது, பழைய ஒயில் தட்டில் கிடந்தது, புதியது விடவில்லை. மனேஜர் என் முகத்தைப் பார்க்காமல், "கார எடுத்துக்கிட்டுப் போங்க அக்கா, மத்த வாகனங்கள் நிக்குது" என்றார். குழிக்குள் வேலை செய்கிற ஒரு ஆள் மட்டும் அவர் அங்கால் போனபிறகு கிட்ட வந்தான்.

"ரெண்டு பேர் வந்தாங்கக்கா. கொஞ்சம் கதைக்கணும் எண்டாங்க. அண்ணன் என்னட்ட, ஒயில விடு, வாறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனார்."

"ஆக்கள் ஆர் தம்பி? எந்தப் பக்கம் போனாங்க?"

"நான் குழிக்குள்ள நிண்டன் அக்கா. எனக்குக் கால்தான் தெரிஞ்சது. ரெண்டு சோடி சப்பாத்து. நடுவுக்கு அண்ணன்ட செருப்பு."

அவனிடம் வேறு ஒன்றும் இல்லை. பிறகு போனபோது அவனும் அங்கே வேலையில் இல்லை. காக்கா குழிக்குள் இறங்கித் தன் கையால் நட்டைப் பூட்டினார். ஒயில் வாங்கிவந்து விட்டார். நான் முன் சீற்றில் இருந்தேன், அவர் ஓட்டினார். வழியில் மறித்து இது யாருடைய கார் என்று கேட்டார்கள். "என்ட தங்கச்சிட" என்றார்.

அதற்குப் பிறகு அந்தக் காருக்கு எங்கே ஒயில் மாற்றுவது என்ற கேள்வி எனக்கு இருக்கவில்லை. காக்கா இங்கே வருவார், மாமரத்தடியில் பாயைப் போட்டுப் படுத்து மாற்றுவார். கார் ஓடாமல் நிற்கிறதே, என்னத்துக்கு மாற்றுவது என்று நான் ஒருதரம் கேட்டேன். "நிண்டாலும் ஒயில் கெடும் தங்கச்சி, நிக்கிறதாலதான் கெதியாக் கெடும்" என்றார். போன நோன்புக்கு முன்னம் அவர் மௌத்தாகி அடக்கமானார். கராஜ் இருந்த இடத்தில் இப்போது போன் விற்கிற கடை. நீ லைசன்ஸ் எடுத்து வந்து காரை ஓடத் தொடங்கினபோது எனக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது, இனி இதற்கு ஒயில் மாற்ற இவன் எங்கே போவான் என்ற யோசனைதான்.

நேற்று முழுக்க உனக்கு வேறு இடம் சொல்லலாம் என்று யோசித்துப் பார்த்தேன். களுவாஞ்சிகுடியில் ஒரு கராஜ் இருக்கிறது, நல்ல வேலை என்கிறார்கள். அதற்குப் பின்வளவில் முந்தி ஒரு முகாம் இருந்தது, மலரின் தம்பியை அங்கேதான் கொண்டுபோனார்கள். கல்முனைச் சந்திக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. அந்தச் சந்தியில்தான் என் பெரியம்மாவின் மகனை பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். மண்டூரில், பாதை என்கிற மிதவையில் காரை ஏற்றி வாவியைக் கடந்து இறங்குகிற துறைக்குக் கிட்ட ஒருவன் தொடங்கியிருக்கிறானாம். அந்தத் துறையில் காணாமல் போனவர்களை உன் மாமியாரே உனக்குச் சொல்லுவா. இங்கே நல்ல ஒயில் விற்கிற இடம் எல்லாம் இருக்கிறது மகன். அங்கே போ, அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல எனக்கு ஒரு இடம் இல்லை.

இப்போது அப்படிக் காலம் இல்லை அம்மா என்று நீ சொல்லுவாய். நீ படித்தவன், எனக்கு அது விளங்குகிறது. அப்பாவும் அதைத்தான் சொன்னார். காலம் மாறிவிட்டது என்று யார் சொன்னாலும் எனக்கு அவர் ஜன்னலில் கையைப் போட்டுக்கொண்டு போனதுதான் தெரிகிறது. அது போய்விடும் என்று நான் நினைக்கவில்லை. உன் பிள்ளைகள் பிறந்து வளர்ந்தபிறகும் எனக்கு அப்படித்தான் இருக்கும்.

நான் போகாத அலுவலகம் இல்லை, அதில் பாதி உனக்குத் தெரியாது. கண் கிளினிக்குக்குப் போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போன நாட்களில் பாதி விசாரணைக்குப் போனேன். மீதி நாட்களில் அந்த சேர்விஸ் ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள பஸ் நிறுத்தத்தில் சும்மா இருந்துவிட்டு வந்தேன். விசாரணையில் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் மாறுவார்கள், கேள்வி மாறாது. என்ன வாகனம், என்ன நிறம், வந்தவர்கள் எந்த உடுப்பில் வந்தார்கள், எந்தப் பக்கம் திரும்பினார்கள். "நீங்க கண்டீங்களா அம்மா?" என்பார்கள். நான் காணவில்லை என்பேன். "அப்ப கண்ட சாட்சி இல்ல" என்று சொல்லி, மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவி கிடைக்கும் என்பார்கள். நான் எழும்பி வந்துவிடுவேன். கறி காய்ச்சிக்கொண்டிருந்த பெண்ணிடம் சொல்ல என்ன இருக்கும்?

ஆகவே இதுதான் நான் சொல்ல வந்தது. ஒயிலை எங்கே மாற்றுவது என்பது உன் விருப்பம். அந்தக் கண்ணாடி போட்ட இடத்துக்கே போவதென்றாலும் போ, அவர்களிடம் ஒன்றும் கேட்காதே, ஒயிலை மாற்றிக்கொண்டு வா. ஆனால் தனியே போகாதே. சனிக்கிழமை நானும் வருகிறேன். மாப்பிள்ளை தாயைக் கூட்டிக்கொண்டு சேர்விஸுக்கு வந்திருக்கிறான் என்று பெண்ணின் அண்ணன் சிரித்தால் சிரிக்கட்டும். ஏசி அறைக்குள் நான் வரமாட்டேன், காருக்குப் பக்கத்தில் நிற்பேன். கலியாணத்துக்குப் பிறகு உன் மனைவியைக் கூட்டிக்கொண்டு போ. என்னத்துக்கு என்று அவள் கேட்பாள். அவள் நல்ல பிள்ளை, இந்தப் பயத்தை அவளுக்குக் கொடுக்க எனக்கும் விருப்பமில்லை, ஆனால் கொடுக்கிறேன். ஒரு பெண் பக்கத்தில் இருந்தால் ஒன்றும் நடக்காது என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவளை இறக்கி ரோட்டோரம் விட்டுவிட்டுக் கொண்டுபோனதும் எனக்குத் தெரியும். வந்தால் தடுக்க அவளாலும் ஏலாது, என்னாலும் ஏலாது. ஆனால் அவள் பார்த்திருப்பாள். எந்தப் பக்கம் திரும்பினார்கள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்ல இருக்கும்.